மலையிலும் சமவெளியிலும் அலங்கார டேலியா: கிழங்கு முதல் பூ வரை

ஜனவரி பிறந்தால் சென்னை, கோவை, மதுரை நர்சரிகளில் டேலியா தொட்டிகள் வரிசை கட்டி நிற்கும். விரித்த உள்ளங்கையை மறைக்கும் அளவுக்குப் பூ. மஞ்சள், கருஞ்சிவப்பு, ஊதா, வெள்ளை. வாங்கி வந்து மாடியில் வைத்தால் சில வாரங்களுக்குக் கண்ணை எடுக்க முடியாது. மார்ச் வந்ததும் இலை ஓரம் கருகும், மொட்டு விரியாமலே வாடும், ஏப்ரலில் தொட்டி மட்டும் மிஞ்சும். "டேலியா நம் ஊருக்கு ஒத்துவராது" என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். செடி ஒத்துவரும். ஆனால் அதற்கென்று ஒரு பருவம் உண்டு. அதை மீறி எந்த உரமும் எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது.

டேலியாவின் பிறப்பிடம் மெக்சிகோவின் மலைச்சரிவுகள். 1789இல் அங்கிருந்து ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் தாவரவியல் பூங்காவுக்குப் போனது. அங்கே காவனிலெஸ் என்ற தாவரவியலாளர் 1791இல் ஸ்வீடன் நாட்டு ஆந்தெர்ஸ் டால் நினைவாக அதற்குப் பெயர் வைத்தார். மெக்சிகோ 1963இல் அதைத் தன் தேசிய மலராக்கியது. வரலாற்றைவிட நமக்குப் பயன்படுவது அந்த மலையின் வானிலைதான். அங்கே மழைக்காலத்தில் செடி ஓங்கி வளரும். பகலில் வெயில் மிதமாக இருக்கும், இரவில் குளிரும். மழை ஓய்ந்து வறட்சி தொடங்கியதும் தண்டு காய்ந்து, மண்ணுக்கடியில் கிழங்கு உறங்கும். நாம் செய்ய வேண்டிய வேலைகள் அனைத்துக்கும் காரணம் இந்தச் சுழற்சியில் இருக்கிறது.

எது அலங்கார வகை?

டேலியாவில் ஒற்றை அடுக்கு, பந்து, பாம்பன் (குட்டிப் பந்து), கள்ளிப்பூ வகை என்று பல பிரிவுகள் உண்டு. அலங்கார வகை என்பது முழு அடுக்குப் பூ: நடுவில் மஞ்சள் தட்டு தெரியக் கூடாது, இதழ்கள் அகலமாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும், நுனி மழுங்கியிருக்க வேண்டும். இதிலும் இரண்டு சாயல்கள். ஓடு வேய்ந்ததுபோல் இதழ்கள் ஒழுங்காக அடுக்கியிருப்பது ஒன்று. இதழ்கள் முறுக்கிக்கொண்டும் அலைபாய்ந்தும் இருப்பது இன்னொன்று. கண்காட்சி மேசைக்கு முதலாவது, வீட்டுத் தோட்டத்துக்கு இரண்டாவது என்பது என் கட்சி. ஒழுங்கு அடுக்கில் ஓர் இதழ் பழுதானாலும் கண்ணை உறுத்தும்; அலை அடுக்கில் நாலு இதழ்களைப் பூச்சி கடித்தாலும் தெரியாது.

அளவும் முக்கியம். பிரிட்டிஷ் வகைப்பாட்டில் 25 சென்டிமீட்டருக்கு மேல் அகலம் இருந்தால் ராட்சத அளவு, 20 முதல் 25 வரை பெரியது, 15 முதல் 20 வரை நடுத்தரம், 10 முதல் 15 வரை சிறியது, அதற்குக் கீழே குறும்பூ. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் ராட்சதப் பூவைத்தான் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். பெரிய பூ வர மூன்றரை, நான்கு மாதம் ஆகும். ஒரு செடியில் மூன்று நான்கு பூக்களுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஒரு மழை அடித்தால் தண்ணீரின் கனத்திலேயே காம்பு முறியும். சிறிய, நடுத்தர வகைகள் சீக்கிரம் பூக்கும், தொடர்ந்து பூக்கும், காற்றையும் ஓரளவு தாங்கும். ஒரு பருவம் அவற்றில் கைபழகிய பிறகு 'கெல்வின் ஃப்ளட்லைட்' போன்ற மஞ்சள் ராட்சதனையோ, பால் கலந்த காபி நிறத்தில் பூக்கும் 'கஃபே ஓ லே'யையோ தொடலாம். ஊதா வேண்டுமென்றால் 1929 முதல் பயிரில் இருக்கும் 'தாமஸ் எடிசன்' இன்றும் சளைக்காத ரகம்.

நம் நாட்டில் டேலியா என்றால் வங்காளத்தைச் சொல்லாமல் தீராது. குளிர்காலக் கொல்கத்தாவில் மொட்டை மாடிகளிலெல்லாம் தொட்டி டேலியா வளர்ப்பார்கள். ராமகிருஷ்ண மடத்துத் துறவியான சுவாமி வினயானந்தர் உருவாக்கிய இந்திய ரகங்கள் ஏராளம். நம் நர்சரிகளுக்கு வரும் நாற்றுகளில் கணிசமான பங்கு வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருபவைதான். பெயர் கேட்டால் "டேலியா, சிவப்பு" என்பார்கள். பெயர் தெரியாவிட்டால் குற்றமில்லை. பூத்த செடியைப் பார்த்து வாங்கினால் போதும். விதைப் பொட்டலத்தில் விற்கும் குட்டை டேலியா பாத்தி ஓரத்துக்கு அழகு, ஆனால் பெரும்பாலும் நடுத்தட்டு தெரியும் அரை அடுக்குப் பூதான் வரும். ஒரு நல்ல அலங்காரப் பூவிலிருந்து விதை எடுத்து விதைத்தாலும் தாயைப் போலப் பிள்ளை வராது. ரகம் மாறாமல் வேண்டுமானால் கிழங்கு அல்லது தண்டுத் துண்டு மட்டுமே வழி.

எப்போது நடுவது

பகலில் 18 முதல் 25 டிகிரி, இரவில் 10 முதல் 15 டிகிரி: டேலியா தன் முழு அழகைக் காட்டுவது இந்த வெப்பநிலையில். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்தால் பூ சிறுக்கும், நிறம் வெளிறும். இரவும் குளிராவிட்டால் செடி சோர்ந்தே நிற்கும். ஆக, நடும் தேதியைப் பின்னாலிருந்து கணக்கிட வேண்டும்: உங்கள் ஊரில் இரவு குளிரும் வாரங்கள் எவை, அவற்றுக்கு மூன்று, மூன்றரை மாதம் முன்பு எந்தத் தேதி வருகிறது?

ஊட்டி, கொடைக்கானல் போன்ற இரண்டாயிரம் மீட்டர் உயரத்து ஊர்களில் மே மாத மலர்க் கண்காட்சிக் காலத்தில் பூ வேண்டுமானால் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரியில் நட வேண்டும். ஊட்டியின் பள்ளத்தாக்குகளில் அப்போதும் உறைபனி விழலாம்; முளைத்த குருத்து ஒரே இரவில் கருகிப்போகும். எனவே தொட்டியில் முளைக்க வைத்து, பனி ஓய்ந்ததும் பாத்திக்கு மாற்றுவதே நல்லது. செப்டம்பர், அக்டோபரின் இரண்டாம் பருவத்துக்கு ஜூனில் நடலாம். ஆனால் நீலகிரிக்குள்ளேயே மழை ஒன்றுபோல் பெய்வதில்லை. கூடலூர், ஊட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்கு மழைதான் கனமானது. ஜூன் நடவு கோத்தகிரியில் எளிது, ஊட்டியில் மேட்டுப்பாத்தி இல்லாமல் செய்யக் கூடாது, கூடலூரில் யோசிக்கவே வேண்டாம்.

ஓசூர், ஏற்காடு போன்ற இடைப்பட்ட ஊர்களில் செப்டம்பர் இறுதி நடவு, டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை பூ.

சமவெளியில் கணக்கு இன்னும் இறுக்கம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் அக்டோபர், நவம்பர் முழுக்க மழை. அதில் கிழங்கைத் தரையில் நட்டால் அழுகாமல் தப்பாது. எனவே வேர் பிடித்த நாற்றையோ தண்டுத் துண்டையோ அக்டோபரில் சிறு தொட்டியில், மழை படாத இடத்தில் வளர்த்து, நவம்பர் பாதிக்கு மேல் பெரிய தொட்டிக்கு மாற்றுவதே வழி. ஜனவரி கடைசியில் பூக்கும், பிப்ரவரி வரை நிற்கும். கோவை, திருப்பூர்ப் பக்கம் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. எந்த ஊரானாலும் சமவெளியில் டேலியாவை ஒரு பருவச் செடியாக வைத்துக்கொள்வதுதான் மனநிம்மதி. கோடையைத் தாண்டவைக்கும் போராட்டம் எதற்கு? முடிந்தால் கிழங்கைக் காப்பாற்றலாம். செடியைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. நாளொளி பன்னிரண்டு மணி நேரத்துக்குக் கீழே குறையும்போது செடி கிழங்கு திரட்டத் தொடங்கும், மேல்வளர்ச்சி தளரும். நம் பகுதியில் டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரத்தை ஒட்டி இருக்கும். டிசம்பருக்குள் செடி உயர்ந்து கிளைத்திருந்தால்தான் பூவில் வலு இருக்கும். நவம்பர் கடைசியில் நட்டவருக்கு முழங்கால் உயரச் செடியில் பொத்தான் அளவுப் பூ வருவது இதனால்தான்.

இடமும் மண்ணும்

ஆறு மணி நேர வெயில் வேண்டும். சமவெளியில் காலை வெயில் முழுதாகவும், பிற்பகல் வெயில் சுவரோ மரமோ மறைத்ததாகவும் இருந்தால் இதழ் ஓரம் கருகாது. மலையில் நாள் முழுதும் வெயில் விழும் இடத்தையே தேடுங்கள்; அங்கே எதிரி காற்று. சரிவின் உச்சியில் நடாமல், வேலியோ புதரோ தடுக்கும் இடத்தில் நடுங்கள்.

மண்ணில் தண்ணீர் தேங்கக் கூடாது. இதைச் சோதிக்க ஓர் அடி ஆழக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாவது தடவை ஊற்றிய தண்ணீர் சில மணி நேரத்தில் வடியாவிட்டால் அந்த இடத்தில் ஓர் அடி உயர மேட்டுப்பாத்தி கட்டாமல் நடாதீர்கள். களிமண்ணோடு மல்லுக்கட்டுவதைவிட மேட்டைக் கட்டிவிடுவது எளிது.

மலையில் இருப்பவர்கள் மறக்கக் கூடாத ஒன்று சுண்ணாம்பு. நீலகிரி மண் புளிப்பு மண்; தேயிலைக்கு அது சுகம், டேலியாவுக்கு இல்லை. டேலியா கேட்பது 6.5ஐ ஒட்டிய கார அமில நிலை (pH). காரட், உருளை போடும் விவசாயிகள் டோலமைட் என்ற சுண்ணாம்புத்தூள் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையே நடுவதற்கு மூன்று வாரம் முன்பு சதுர மீட்டருக்கு 200 கிராம் அளவில் தூவிக் கொத்திவிடலாம். மண்ணைச் சோதித்து, அதற்கேற்ப அளவைக் கூட்டிக் குறைத்தால் இன்னும் நல்லது. சுண்ணாம்பும் எருவும் ஒரே நாளில் போட வேண்டாம்.

ஒரு குழிக்கு அடியுரம்: நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு மூன்று கிலோ, வேப்பம் பிண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 50 கிராம். பச்சைச் சாணம் கிழங்கில் படவே கூடாது. தொட்டியென்றால் சிறிய வகைக்குப் பத்து அங்குலம், பெரியதற்குப் பன்னிரண்டு அல்லது பதினான்கு அங்குலம். செம்மண் இரண்டு பங்கு, தொழு உரம் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பு இலை ஓரத்தில் பழுப்பாகத் தெரியும்.

கிழங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள்

டேலியா கிழங்கு உருளைக்கிழங்கு மாதிரி அல்ல. உருளையில் எங்கு வேண்டுமானாலும் முளைக்கண் இருக்கும். டேலியாவில் கிழங்கின் உடம்பில் கண்ணே கிடையாது. பழைய தண்டும் கிழங்கின் கழுத்தும் சேரும் மகுடப் பகுதியில் மட்டும்தான் இருக்கும். அந்த இடத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: சிறு புடைப்பு, சில சமயம் இளஞ்சிவப்புப் புள்ளி, அதுதான் கண். தெரியாவிட்டால் ஈரமான நார்க்கழிவில் வைத்து இரண்டு வாரம் விடுங்கள். உயிருள்ள கண் என்றால் வீங்கித் தலைகாட்டும். எவ்வளவு கொழுத்த கிழங்காக இருந்தாலும் மகுடத் துண்டு ஒட்டியிராவிட்டால் முளைக்காது. கழுத்து முறிந்து தொங்கும் கிழங்கும் அப்படித்தான். சந்தையில் எடைக்குத் தரும் பெருங்கிழங்கைவிட, கண் தெரியும் விரல் பருமன் கிழங்கு மேல்.

நடுவதற்கு முன் அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்ப் பொடிகளான சூடோமோனாஸ் அல்லது டிரைக்கோடெர்மாவை லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்த நீரில் அரை மணி நேரம் முக்கி, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள்.

நடவு

முதலில் ஊன்றுகோல். கிழங்கு நட்ட பிறகு கோல் அடித்தால் கண்ணுக்குத் தெரியாத கிழங்கின் நடுவில்தான் அது இறங்கும். பெரிய வகைக்கு ஐந்தடி மூங்கில், குறுவகைக்கு இரண்டரை அடி. கோலைச் சுற்றி 15 சென்டிமீட்டர் ஆழக் குழி. கண் உள்ள முனை கோலை ஒட்டி, மேல்நோக்கி இருக்க, கிழங்கைப் படுக்கவைத்து மூடுங்கள். மழை அதிகமுள்ள இடத்தில் கொஞ்சம் மேலாகவே நடுங்கள். மகுடத்தின் மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் மண் இருந்தால் போதும். செடிக்குச் செடி இடைவெளி ராட்சத வகைக்கு முக்கால் மீட்டர் முதல் ஒரு மீட்டர், மற்றவற்றுக்கு அரை மீட்டர்.

நட்டதும் தண்ணீர் ஊற்றத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். முளை வெளியே தெரியும்வரை மண்ணில் இருக்கும் ஈரமே போதும். வேர் இல்லாத கிழங்கு தண்ணீர் குடிக்காது, அழுகத்தான் செய்யும். நாற்று நட்டவர்களுக்கு இது பொருந்தாது. நாற்றுக்கு நட்ட அன்றே தண்ணீர் வேண்டும்.

முளை வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஒரு கிழங்கிலிருந்து பல முளைகள் வந்தால் தடித்த ஒன்றை, மிஞ்சினால் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். எடுத்ததை எறிய வேண்டாம். அதில்தான் அடுத்த செடி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

நுனி கிள்ளுதல்

நான்கு அல்லது ஐந்து ஜோடி இலைகள் வந்ததும், நடுக்குருத்தை நகத்தால் கிள்ளுங்கள். பலருக்கு மனம் வராது. ஓங்கி வளரும் செடியின் தலையைக் கிள்ளுவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து, உச்சியில் ஒரு பூவைக் காட்டிவிட்டுச் சாய்ந்துவிடும். கிள்ளினால் ஒவ்வோர் இலைக்கணுவிலிருந்தும் ஜோடி ஜோடியாகப் பக்கக்கிளை வரும். ராட்சத வகையில் நான்கு கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுங்கள். சிறு வகையில் ஆறு முதல் எட்டு வரை விடலாம்.

கிளை நீளும்தோறும் கோலில் கட்டிக்கொண்டே வர வேண்டும். டேலியா தண்டு உள்ளே கூடு; வெளியே பார்க்கத் தடிமனாக இருந்தாலும் கணுவில் பட்டென்று முறியும். சணல் கயிற்றை எட்டு வடிவில் சுற்றி, தண்டுப் பக்கம் தளர்வாகவும் கோல் பக்கம் இறுக்கமாகவும் முடியுங்கள். கம்பி கூடாது. பெரிய செடிக்கு ஒரு கோல் போதாது, சுற்றிலும் மூன்று கோல் நட்டு இரண்டு அடுக்காகக் கயிறு ஓட்டிவிடுங்கள்.

தண்ணீரும் உரமும்

செடி வளர்ந்த பிறகு டேலியா நன்றாகத் தண்ணீர் குடிக்கும். தினமும் மேலாகத் தெளிப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறை வேர்வரை இறங்கும்படி ஊற்றுவது மேல். தொட்டிச் செடிக்கு, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும் ஊற்றுங்கள். பூவின் மேல் தண்ணீர் படக் கூடாது, மாலையில் இலை நனையவும் கூடாது. அடியில் காய்ந்த இலை அல்லது வைக்கோல் மூடாக்குப் போடலாம், தண்டை ஒட்டாமல்.

உரத்தில் அளவு மீறுவதுதான் பொதுவான நோய். யூரியா போட்டால் இலை கரும்பச்சையாகப் பளபளக்கும், தண்டு கொழுக்கும், பூ வராது; அந்தச் செடியின் கிழங்கும் சேமிப்பில் நிற்காது. கொல்கத்தாவில் கடுகுப் பிண்ணாக்கை ஊறவைத்து ஊற்றுவார்கள். நமக்குக் கடலைப் பிண்ணாக்கு கைக்கு எளிது. ஒரு கைப்பிடியை ஐந்து லிட்டர் நீரில் நான்கைந்து நாள் ஊறவைத்து, தெளிவை இறுத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, பத்து நாளுக்கு ஒரு தடவை வேரடியில் விடலாம். நாற்றத்துக்கு நான் பொறுப்பல்ல. மொட்டு கண்ணில் பட்டதும் இதை நிறுத்திவிட்டுச் சாம்பல் சத்துக்கு மாறுங்கள்: லிட்டருக்கு இரண்டு கிராம் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் கரைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. நிறமும் காம்பின் உறுதியும் அதில் தெரியும்.

மொட்டு நீக்கம்: அலங்காரப் பூவின் பாதி வேலை

அலங்கார டேலியாவையும் சாதாரண டேலியாவையும் பிரிப்பது ரகம் மட்டும் அல்ல, இந்த வேலையும்தான். ஒவ்வொரு கிளையின் நுனியிலும் மூன்று மொட்டுகள் சேர்ந்து வரும்: நடுவில் பெரியது, இருபுறமும் சிறியவை இரண்டு. மூன்றையும் விட்டால் மூன்றும் சுமாராகப் பூக்கும், காம்பு குட்டையாக இருக்கும், ஒன்றின் மேல் ஒன்று இடிக்கும். பக்கமொட்டு பட்டாணி அளவுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

காலையில், தண்டில் நீர்ப்பிடிப்பு இருக்கும்போது செய்யுங்கள். இடது கை விரல்களால் நடுமொட்டின் காம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலது கட்டைவிரலால் பக்கமொட்டைப் பக்கவாட்டில் சாய்த்தால் சொடக்குப் போட்டதுபோல் விழும். இழுக்கக் கூடாது, இழுத்தால் நடுக்காம்பின் தோலும் உரிந்து வரும். ராட்சத வகையில் இத்தோடு நிறுத்தாமல், அதற்குக் கீழே உள்ள இரண்டு ஜோடி இலைக்கணுக்களில் வரும் குருத்துகளையும் எடுத்துவிடுங்கள். பூவுக்கு நீண்ட காம்பு கிடைப்பது இதனால்தான். நடுமொட்டைப் பூச்சி கடித்திருந்தால், தயங்காமல் அதை எடுத்துவிட்டுப் பக்கமொட்டில் நல்லதை வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாணி அளவு மொட்டு முழுப்பூவாக மூன்று நான்கு வாரம் ஆகும். வீட்டில் விசேஷ நாளுக்குப் பூ வேண்டுமானால் இந்தக் கணக்கு உதவும்.

வாடிய பூவை உடனுக்குடன் எடுக்க வேண்டும். விதை பிடிக்க விட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். இங்கே ஒரு குழப்பம் வரும். இதழ் உதிர்ந்து மூடிக்கொண்ட பழம்பூவும் புது மொட்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். புது மொட்டு உருண்டையாக, மேலே தட்டையாக, அழுத்தினால் கெட்டியாக இருக்கும். பழம்பூ கூம்பாக நீண்டு, அழுத்தினால் ஈரம் கசிந்து மெத்தென்று இருக்கும்.

பூச்சியும் நோயும் விலங்கும்

சமவெளியில் முதல் எதிரி இலைப்பேனும் சிவப்புச் சிலந்தியும். வறண்ட வெயில் நாளில் இலை மங்கி, அடியில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்தி. காலையில் இலையின் அடிப்புறம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி குறையும். இலைப்பேன் இதழைச் சுரண்டிப் பழுப்புக் கோடு போடும். நீல ஒட்டும் அட்டை தொங்கவிட்டால் நடமாட்டம் தெரியும். அசுவினிக்கும் இவற்றுக்கும் லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், துளி சோப்புக் கரைசல் சேர்த்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்கலாம். பூ விரிந்த பிறகு எதையும் தெளிக்காதீர்கள். கறை விழும், தேனீயும் வரும்.

மலையில் நத்தை. ஓடு உள்ளது, இல்லாதது இரண்டும் புதுமுளையை ஒரே இரவில் மொட்டையடித்துவிடும். இரவில் டார்ச் எடுத்துப் பொறுக்குவதற்கு ஈடான மருந்து இல்லை. பருவக் கடைசியில் இலையில் வெள்ளைப் பொடி படர்வது சாம்பல் நோய். அடியிலைகளை எடுத்துக் காற்றோட்டம் கொடுத்து, லிட்டருக்கு இரண்டு கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம், வெயில் நேரத்தில் மட்டும் வேண்டாம். வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த இடத்தில் ஒரு பருவம் செண்டுமல்லி போட்டு, அதையும் மண்ணிலேயே மடக்கி உழுதுவிடுங்கள்.

இலையில் நரம்பை ஒட்டி மஞ்சள் பாய்ந்து, செடி குட்டையாகி, இலை சுருங்கினால் அது வைரஸ். மருந்து கிடையாது. கிழங்கோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய ரகமாக இருந்தாலும் சரி. அசுவினி வழியாகவும் இலைப்பேன் வழியாகவும் வெட்டும் கத்தி வழியாகவும் அது பக்கத்துச் செடிக்குப் போகும். செடிக்குச் செடி கத்தியை ஸ்பிரிட்டில் துடைப்பது வழக்கமாகட்டும்.

முள்ளம்பன்றியும் காட்டுப்பன்றியும் மலைத் தோட்டக்காரர்களுக்குப் பெரிய தலைவலி. கிழங்கில் இருப்பது மாவுச்சத்து அல்ல, இன்யூலின் என்ற சேமிப்புச் சத்து; அவற்றுக்கு அது விருந்து. கண்ணில் படுகிற வேலி எதையும் முள்ளம்பன்றி அடியில் தோண்டி நுழையும். கம்பிவலையை மண்ணுக்குள் ஓர் அடி இறக்கிப் புதைத்தால்தான் பலன்.

பூப்பறித்தல்

டேலியாவை மொட்டாகப் பறித்தால் ஜாடியில் விரியாது. முக்கால் பங்கு விரிந்த பிறகே பறிக்க வேண்டும். பூவைத் திருப்பிப் பின்னிதழைத் தொட்டுப் பாருங்கள்: விறைப்பாக இருந்தால் பறிக்கலாம், துவண்டிருந்தால் பூவின் வயது முடிந்தது. விடியற்காலையில், வாளியில் தண்ணீரோடு போய், வெட்டியதும் உள்ளே வையுங்கள். காம்பின் அடி இரண்டு அங்குலத்தைக் கொதி அடங்கிய சுடுநீரில் நிறுத்தி, நீர் ஆறும்வரை விட்டு, பிறகு குளிர்ந்த நீருக்கு மாற்றும் பழக்கம் பல நாட்டு டேலியாக்காரர்களிடம் உண்டு. தினம் தண்ணீர் மாற்றினால் நான்கு முதல் ஆறு நாள் நிற்கும். அதற்கு மேல் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கிழங்கெடுத்தலும் அடுத்த தலைமுறையும்

பூ ஓய்ந்து இலை மஞ்சளிக்கத் தொடங்கியதும் தண்ணீரைக் குறையுங்கள். தண்டை அரை அடி விட்டு வெட்டி, பத்து நாள் அப்படியே விடுங்கள். மகுடத்தில் கண்கள் புடைக்கும், பிரிக்கும்போது தேட வேண்டியிருக்காது. பிறகு தண்டிலிருந்து ஓர் அடி தள்ளிச் சுற்றிலும் மண்ணை நெகிழ்த்தி, இரு கையாலும் அடியில் ஏந்தித் தூக்குங்கள். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்துகள் முறியும். கூடான தண்டில் தண்ணீர் தங்கியிருக்கும். தலைகீழாக நிறுத்தி வடியவிட்டு நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். கூர்மையான கத்தியால், ஒவ்வொரு துண்டிலும் ஒரு கண்ணாவது இருக்கும்படி பிரித்து, வெட்டுவாயில் விறகுச் சாம்பல் தடவுங்கள்.

அட்டைப் பெட்டியில் காய்ந்த மணல் அல்லது பாதி காய்ந்த நார்க்கழிவு நிரப்பி, கிழங்குகள் ஒன்றையொன்று தொடாமல் அடுக்குங்கள். பாலித்தீன் பை கூடாது. மாதம் ஒரு தடவை திறந்து பாருங்கள்: சுருங்கினால் நார்க்கழிவில் லேசாக நீர் தெளிக்கவும், அழுகினால் அந்தப் பகுதியை வெட்டி எறியவும். மலையில் இது சுலபம். சமவெளிக் கோடையில் கிழங்கைத் தனியே எடுப்பதைவிட, தண்டை வெட்டிவிட்டுத் தொட்டியைச் சாய்த்து, நிழலான, காற்றோட்டமான மூலையில் கிழங்கோடு அப்படியே விடுவது ஓரளவு கைகொடுக்கிறது. அதிலும் எல்லாம் பிழைக்காது. மலையில் உறவினரோ நண்பரோ இருந்தால் மார்ச்சில் கிழங்கை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு ஆகஸ்டில் வாங்கிக்கொள்வது எல்லாவற்றிலும் உத்தமம்.

இனி, நடவின்போது எடுத்துவைக்கச் சொன்ன முளைகள். மூன்று அங்குல உயரத்தில், மகுடத்தின் சிறு செதிளோடு சேர்த்து வெட்டினால் எளிதில் வேர்விடும். அடியிலைகளை எடுத்து, கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக வெட்டி, மணலும் நார்க்கழிவும் சரிபாதி கலந்த சிறு தொட்டியில், விளிம்பை ஒட்டி ஊன்றுங்கள். வெயில் நேராகப் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் வைத்து, ஒரு வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டால் ஈரம் காயாது. தினம் காலையில் ஒரு முறை அதைத் தூக்கிக் காற்றுக் காட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் புதுக்குருத்து தெரியும். ஒரு கிழங்கிலிருந்து இப்படி நாலைந்து செடி தேறும். கையோடு ஒவ்வொன்றுக்கும் ரகத்தின் பெயரை பென்சிலால் எழுதிக் குத்திவைத்துவிடுங்கள். பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது, இலையைப் பார்த்து ரகம் சொல்ல யாராலும் முடியாது.